காலைப் பார்த்தவங்க கண்ணைப் பார்க்கலை

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன். மூணு மாசமா ஆபீஸ்ல ரிலீஸ் மேல ரிலீஸ், சனி ஞாயிறுகூட லேப்டாப்போடதான் குடித்தனம். ஆனா இந்தப் பதிவு தள்ளிப்போனதுக்கு வேலை மட்டும் காரணம் இல்லைங்க. இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. அதை ஒத்துக்கறதுக்கு கொஞ்ச நாள் ஆச்சு.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. படிச்சது பி.இ., பொழைக்கிறது மென்பொருள்ல. கீழ இருக்கறது எங்க அத்தையோட காலும், அதுக்கப்புறம் நான் ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சதும். இதை வெச்சு யாரும் தனக்குத்தானே வைத்தியம் பண்ணிக்க வேண்டாம்.

எங்க ஊர் களம்பூர். ஆரணிக்குப் பக்கத்துல. காட்பாடி - விழுப்புரம் ரயில்ல வந்தா ஸ்டேஷன் பலகையில "ஆரணி ரோடு"ன்னு எழுதியிருக்கும், ஆனா இறங்கறது களம்பூர்ல. (ஊர்ப் பேரையே அடுத்த ஊருக்குத் தாரை வார்த்த ஊர், அதைப் பத்தி இன்னொரு நாள் புலம்பறேன்.) வெளியூர்க்காரங்களுக்கு களம்பூர்னா அரிசி. எங்களுக்கு அரிசி மில்லு பாதி, பட்டுத் தறி பாதி.

அத்தை குழித்தறியில நெய்யறவங்க. தறியைப் பாக்காதவங்களுக்காகச் சொல்றேன், நெய்யறவங்க தரையில உக்காந்து ரெண்டு காலையும் குழிக்குள்ள விட்டு மிதிகட்டையை மிதிக்கணும். இடுப்புக்கு மேலதான் வெளிய தெரியும். காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கால் குழிக்குள்ளதான். அதனாலதானோ என்னமோ, அவங்க கால் வீங்கினது வீட்ல யாருக்கும் ரொம்ப நாளைக்குத் தெரியலை.

தெரிஞ்சப்ப ரெண்டு முழங்காலுக்குக் கீழ, முன் பக்கம், தோல் தடிச்சு, கெட்டியா, லேசா செவந்த மாதிரி நிறம் மாறி இருந்துச்சு. மயிர்க்கால் எல்லாம் தனித்தனியா தெரியும். ஆரஞ்சுப் பழத் தோலைக் கிட்ட வெச்சுப் பாத்திருக்கீங்களா, அப்படி. அப்புறம் மெதுவா கணுக்கால் வரைக்கும் இறங்கி, பாதத்துக்கு மேல ஒரு மடிப்பு மாதிரி விழ ஆரம்பிச்சிடுச்சு.

தெருவுக்கே என்னன்னு தெரிஞ்சிடுச்சு. யானைக்கால்!

இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. எங்க பக்கம் யானைக்கால் பாக்காத கண்ணு கிடையாது. திருவண்ணாமலை, வேலூர் எல்லாம் ரொம்ப காலமா அந்த நோய் இருந்த மாவட்டங்கள். சாக்கடையில வளர்ற கியூலெக்ஸ் கொசு பரப்பற புழு. அந்தப் புழுவோட குஞ்சு ரத்தத்துல ராத்திரிலதான் நடமாடும்ங்கறதால, சுகாதாரத்துறைக்காரங்க ராத்திரி பத்து மணிக்கு மேல வீடு வீடா வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்கன்னு எங்கம்மா கதை சொல்லுவாங்க. 1955ல தேசிய அளவுல ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்சு, 2004ல இருந்து நோய் உள்ள மாவட்டங்கள்ல எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திரைன்னு கொடுத்து, இன்னிக்கு புதுசா வர்றது ரொம்பக் குறைஞ்சிருக்கு. உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனா வியாதி குறைஞ்ச அளவுக்கு அந்தப் பேர் குறையலை. கால் தடிச்சா யானைக்கால், அவ்ளோதான்.

அத்தை ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினாங்க. ராத்திரி ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. "கால் வீங்கி முத்திட்டா ரத்தத்துல புழு தெரியாது"ன்னு சொல்லி, டி.இ.சி. மாத்திரை பன்னெண்டு நாளைக்குக் கொடுத்தாங்க. அவர் சொன்னது தப்பு இல்லைங்க. நானும் அப்புறம் படிச்சுப் பாத்தேன், நாள்பட்ட யானைக்கால்ல ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சுத்தமாதான் வரும். அதனால டெஸ்ட்ல இருந்தாலும் யானைக்கால், இல்லாட்டியும் யானைக்கால்! புரோகிராமர் பாஷையில சொன்னா, 'இஃப்'க்குள்ள என்ன கண்டிஷன் போட்டாலும் ஒரே வரிதான் ஓடும். கால் குறையலை. இன்னொரு பன்னெண்டு நாள். அப்புறம் இன்னொண்ணு.

நடுவுல சொந்தக்காரர் ஒருத்தர், நல்ல எண்ணத்துலதான், "யானைக்கால்காரங்களுக்கு கவர்மென்ட் மாசாமாசம் உதவித்தொகை தருதாமே, எழுதிப் போடும்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கு அத்தை சாப்பிடலையாம். மாமா சொன்னாரு.

அத்தை பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருந்த நேரம் வேற அது. ஒரு இடத்துல எல்லாம் கூடி வந்துச்சு. கடைசில "அம்மாவுக்கு காலு இப்படி இருக்குதே, பரம்பரையா வருமா?"ன்னு கேட்டுட்டு, அப்புறம் போனே பண்ணலை. யானைக்கால் பரம்பரையா வராது, கொசுவாலதான் வருதுன்னு எட்டாங்கிளாஸ் பாடத்துலயே இருக்கு. ஆனா கல்யாணப் பேச்சுல எட்டாங்கிளாஸ் பாடத்தை யாரு எடுத்துப் பாக்கறாங்க!

இப்ப என் தப்புக்கு வரேன்.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அத்தை காலைப் பாத்தேன். பாத்துட்டு நான் சொன்னது: "இன்னா அத்தை, மாத்திரை கொடுக்க வர்றவங்ககிட்ட வாங்கி ஒழுங்கா முழுங்கறதில்லையா?" படிச்ச பையன் அதட்டறான்னு அத்தையும் பேசாம கேட்டுக்கிட்டாங்க.

இதுல என்ன தப்புன்னு கேப்பீங்க. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2019ல, இதே அத்தைக்கு உடம்பு திடீர்னு இளைச்சுது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். ஊடை இழை அறுந்தா முடிச்சுப் போடக்கூட முடியலைன்னாங்க. கண்ணு ரெண்டும் முழிச்சுப் பாக்கற மாதிரி வெளிய தள்ளிக்கிட்டு வந்துச்சு. தைராய்டு ஓவரா வேலை செய்யுது, கிரேவ்ஸ் நோய்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் மாத்திரை, அப்புறமும் அடங்கலைன்னு 2021ல ரேடியோ அயோடின் கொடுத்தாங்க. அதுக்கு வேலூருக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சது நான்தான். மருந்து குடிச்சுட்டு வந்து, சின்னப் பசங்க கிட்ட வரக்கூடாதுன்னு அத்தை தனி ரூம்ல இருந்தப்ப, வாசல்ல இருந்து தட்டை வெச்சுட்டு வந்ததும் நான்தான்.

அந்த நான்தான் காலைப் பாத்து "யானைக்கால்"னு சொன்னேன். ரெண்டையும் சேத்துப் பாக்கவே தோணலை. அத்தைக்கும் தோணலை. ஊர் டாக்டர் "வேற ஏதாவது வியாதி இருக்கா?"ன்னு கேட்டப்ப "ஒண்ணும் இல்லீங்க, தைராய்டு இருந்துச்சு, அது சரியாப்பூட்ச்சு"ன்னு இவங்களே சொல்லியிருக்காங்க. தினம் காலைல ஒரு தைராக்ஸின் மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு டி.எஸ்.எச். டெஸ்ட். ரிப்போர்ட் நார்மல். நார்மல்னா முடிஞ்சுது கதை, இல்லையா?

இல்லையாம்.

2024ல தோல் டாக்டரைப் பாக்கலாம்னு வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஓ.பி.யில இருந்தது எங்க வயசுப் பையன், மேல்படிப்பு படிக்கிற டாக்டர். அத்தை புடவையைக் கொஞ்சம் தூக்கி காலை நீட்டறாங்க. அவர் காலைப் பாக்கறதுக்கு முன்னாடி மூஞ்சியைப் பாத்தாரு. ஒரு நிமிஷம் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் கழுத்துல கை வெச்சுப் பாத்தாரு, விரல் நுனியைத் திருப்பிப் பாத்தாரு. "அம்மா, உங்களுக்கு தைராய்டுக்கு ட்ரீட்மென்ட் எடுத்தாங்களா?" அதுக்கப்புறம்தான் கால்.

காலோட ஒரு துளி தோலை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரத்தத்துல டி.எஸ்.எச். ரிசப்டருக்கு எதிரான ஆன்டிபாடி பாத்தாங்க. டி.எஸ்.எச். நார்மல்தான், ஆனா ஆன்டிபாடி எக்கச்சக்கம். வியாதிக்குப் பேரு ப்ரீடிபியல் மிக்ஸெடிமா. கிரேவ்ஸ் வந்த நூறு பேர்ல ஒருத்தர்ல இருந்து நாலஞ்சு பேர் வரைக்கும்தான் இது வரும். அதுலயும் யானைக்கால் மாதிரியே கால் ஆகற வகை ரொம்ப ரொம்ப அபூர்வம். புத்தகத்துலயே அந்த வகைக்கு 'எலிஃபன்டியாசிக்'னுதான் பேர் போட்டிருக்கான். ஆக, வெள்ளைக்காரனுக்கும் யானைதான் ஞாபகம் வந்திருக்கு :-)

பேர்ல இன்னொரு கூத்து. 'மிக்ஸெடிமா'ன்னா பொதுவா தைராய்டு *கம்மியா* சுரக்கிறப்ப வர்ற உடம்பு ஊதலுக்கான பேர். காலுக்கு வர்ற இது பெரும்பாலும் தைராய்டு *அதிகமா* சுரந்தவங்களுக்கு வர்றது. ரெண்டு நேரெதிர் நிலைமைக்கு ஒரே பேர். எங்க டீம்ல எவனாவது வேரியபிளுக்கு இப்படிப் பேர் வெச்சா ரிவ்யூவுல தொலைச்சிடுவோம்.

சரி, தைராய்டு கழுத்துல, வீக்கம் கால்ல. எப்படி? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், டாக்டர்கள் யாராவது படிச்சா திருத்துங்க. மூளைக்குக் கீழ இருக்கற பிட்யூட்டரி, டி.எஸ்.எச்.ங்கற செய்தியை அனுப்பி தைராய்டை வேலை வாங்குது. தைராய்டு செல்லுல அந்தச் செய்தியை வாங்கிக்கற ரிசப்டர் இருக்கு. கிரேவ்ஸ்ல உடம்போட பாதுகாப்புப் படையே ஒரு போலிச் சாவியைத் தயார் பண்ணிடுது. அது ரிசப்டர்ல போய் உக்காந்து "சுரந்துக்கிட்டே இரு"ன்னு ஓயாம மணி அடிக்குது. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாத கதை, அதே ரிசப்டர் கண்ணுக்குப் பின்னாடி இருக்கற திசுலயும் கால் தோல்லயும் இருக்கற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்லயும் இருக்கு. போலிச் சாவி அங்கயும் போய் மணி அடிக்குது. அந்த செல்கள் ஹையலுரானிக் ஆசிட் மாதிரியான பொருளை அளவில்லாம உற்பத்தி பண்ணுது. ஆமாங்க, மூஞ்சியில தடவற சீரம் விளம்பரத்துல வருமே, அதேதான். தண்ணியை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கறது அதோட குணம். மூஞ்சில காசு கொடுத்து பூசறது, அத்தைக்கு கால்ல ஓசியில குவிஞ்சிடுச்சு.

ரேடியோ அயோடின் என்ன பண்ணுது? தைராய்டைக் காலி பண்ணுது. அதாவது மணி அடிச்சா ஓடி வந்து வேலை செய்யற ஆளைத்தான் வேலையை விட்டுத் தூக்கறோம். மணி அடிக்கிறவன் அப்படியேதான் இருக்கான். புரொடக்ஷன்ல ஒரு சர்வீஸ் தொங்கிப் போச்சுன்னு அதை நிறுத்திட்டு டிக்கெட்டை மூடறோம்ல, அந்த மாதிரி. தப்பான கால் வந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு வேற மாட்யூல்ல வெடிக்கும், அந்த டீமுக்கு பழைய டிக்கெட்டைப் பத்தி எதுவும் தெரியாது. அதனாலதான் கிரேவ்ஸுக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்சு, டி.எஸ்.எச். நார்மலா இருக்கறவங்களுக்கும் இது வருது. பெரும்பாலும் கண்ணு பாதிச்சவங்களுக்குத்தான் வருது, கண்ணுக்கு அப்புறம் வருது. ஏன் காலுக்கு மட்டும்னா, கால் கீழ தொங்கிக்கிட்டே இருக்கறதும், அடிபடறதும் காரணமா இருக்கலாம்னு எழுதியிருக்காங்க. தறிக்குழி விளிம்புல கால் இடிச்சுக்காத நாள் அத்தைக்கு உண்டான்னு நினைச்சுப் பாத்தேன். அதைக் காரணம்னு சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

என் ஆதங்கம் இந்த ஒரு அபூர்வ வியாதியைப் பத்தி மட்டும் இல்லைங்க. நம்ம ஊர்ல தோல்ல வர்றதுக்கெல்லாம் ஏற்கனவே ஒரு பேர் ரெடியா இருக்கு. அந்தப் பேருக்குள்ளயே காரணமும் ரெடியா இருக்கு. தலையில வட்டமா முடி கொட்டினா "புழுவெட்டு". எந்தப் புழுவும் வெட்டலை, சொந்த உடம்பே மயிர்க்காலைத் தாக்குது. திடீர்னு உடம்பெல்லாம் தடிச்சு அரிச்சா "காணாக்கடி". கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சதாம், மந்திரிச்சா போயிடுமாம். தோல் வெளுத்தா "வெண்குஷ்டம்". குஷ்டத்துக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. வெண்புள்ளின்னு சொல்லுங்கப்பான்னு எத்தனையோ பேர் தொண்டை கிழிய கத்தியாச்சு. பேர் வெச்சவங்களைக் கேலி பண்ணலை. மைக்ராஸ்கோப் இல்லாத காலத்துல கண்ணால பாத்ததை வெச்சு வெச்ச பேர். சிலது அழகாக்கூட இருக்கு. "காணாக்கடி"ன்னு ஒரு வார்த்தையை எவன் கண்டுபிடிச்சானோ!

ஆனா இந்த வெண்புள்ளி, புழுவெட்டு, மாசக்கணக்கா விடாம வர்ற காணாக்கடி, மூணுமே மத்தவங்களை விட ஆட்டோஇம்யூன் தைராய்டு இருக்கறவங்ககிட்ட அதிகமா காணப்படுது. புழுவெட்டு வந்தவங்க எல்லாருக்கும் தைராய்டுன்னு அர்த்தம் இல்லை, பெரும்பாலானவங்களுக்கு இருக்காது. சொல்ல வந்தது, பேர் வெச்ச அடுத்த நிமிஷம் நாம தேடறதை நிறுத்திடறோம். புழு வெட்டிச்சுன்னு முடிவாயிட்டா யாரு போய் ரத்தம் கொடுத்துப் பாப்பாங்க?

இன்னொரு பக்கம், "தைராய்டு"ங்கற பேரும் இப்ப அப்படி ஆயிடுச்சு. பொம்பளைங்க ரெண்டு கிலோ ஏறினா தைராய்டு, கோவப்பட்டா தைராய்டு. 2013ல வந்த ஒரு ஆய்வுல, இந்தியாவோட எட்டு நகரங்கள்ல பாத்தப்ப நூறு பேர்ல கிட்டத்தட்ட 11 பேருக்கு தைராய்டு சுரப்பு கம்மியா இருந்துச்சாம். இவ்ளோ சாதாரணமா ஆனதால, தைராய்டுன்னா ஒரு மாத்திரை, ஒரு டெஸ்ட், ஒரு நம்பர். நம்பர் கட்டத்துக்குள்ள இருந்தா சரி. சுரப்பு அளவுன்னு ஒண்ணு, அதைக் கெடுத்த நோய் எதிர்ப்புக் குழப்பம்னு ஒண்ணு, ரெண்டும் வேற வேறன்னு அத்தைக்கு யாரும் சொல்லலை. ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்ச எனக்கும்தான். "இது முடிஞ்சாலும் கண்ணுலயோ கால் தோல்லயோ மாற்றம் தெரிஞ்சா இந்தப் பழைய ஃபைலோட வாங்க"ன்னு டிஸ்சார்ஜ் சீட்டுல தமிழ்ல ஒரு வரி அச்சடிச்சுக் கொடுத்தா என்ன செலவாகும்? ரேடியோ அயோடின் குடிச்ச அன்னிக்கு எத்தனை நாள் தனியா படுக்கணும், எந்த பாத்ரூம் போகணும்னெல்லாம் பாராபாராவா எழுதிக் கொடுத்தாங்க. அதுல கடைசில இடம் காலியாத்தான் இருந்துச்சு.

கால் வீக்கம்னாலே இதுன்னு யாரும் பயந்துடாதீங்க. இதயம், சிறுநீரகம், நரம்புச் சுருட்டல், நிஜமாவே யானைக்கால்னு கால் வீங்க ஆயிரம் காரணம் இருக்கு, இது அந்த வரிசையோட வாலு. யானைக்கால்ல பெரும்பாலும் அப்பப்ப நெறி கட்டி, குளிர் காய்ச்சல் வந்து, கால் செவந்து வலிக்கும். ரெண்டு காலும் ஒரே அளவுல இருக்கறது குறைவு. அத்தைக்கு ஒரு தடவைகூட நெறி கட்டினதில்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நானும் கேக்கலை.

அமெரிக்க ஜனாதிபதியா இருந்த அப்பா புஷ்ஷுக்கும் அவர் மனைவி பார்பராவுக்கும் ரெண்டு பேருக்குமே கிரேவ்ஸ் இருந்துச்சு. 1989ல அந்தம்மாவுக்கு, 1991ல அவருக்கு. ரத்த சம்பந்தம் இல்லாத ரெண்டு பேருக்கு எப்படி வந்துச்சுன்னு வெள்ளை மாளிகைத் தண்ணியைக்கூட சோதிச்சுப் பாத்தாங்க. களம்பூர்ல தறி நெய்யற அம்மாவுக்கு அந்த அளவுக்கு வேண்டாம். கண்ணை ஒரு தடவை நிமிர்ந்து பாத்தா போதும்.

ட்ரீட்மென்ட்டுன்னு பாத்தா, தோல் வியாதிக்கு கொடுக்கற ஸ்டீராய்டு களிம்பு. ராத்திரி தடவி மேல பிளாஸ்டிக் தாளைச் சுத்திக்கிட்டுப் படுக்கணும். பகல்ல இறுக்கமான சாக்ஸ். இதுக்குன்னு தனியா தாள் வாங்கணுமான்னு கேட்டுட்டு, புடவை மடிச்சு வெக்கிற பிளாஸ்டிக் கவரை வெட்டி அத்தை சுத்திக்கிட்டாங்க. "பட்டுப்பொடவையாட்டம் கீது என் காலு"ன்னு சிரிப்பு வேற. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பாதத்து மடிப்பு வத்திடுச்சு, முன் பக்கம் தோல் இளகியிருக்கு. முழுசா போகலை, முழுசா போகாதுன்னுதான் டாக்டரும் சொன்னாரு. தறியில பாதி நேரம்தான் உக்கார்றாங்க, அதனால கூலியும் பாதி.

சொல்ல மறந்துட்டேன். பரம்பரையான்னு கேட்டாங்களே அந்த மாப்பிள்ளை வீடு? யானைக்கால் பரம்பரை இல்லை. ஆனா ஆட்டோஇம்யூன் தைராய்டு குடும்பத்துல ஓடற சமாச்சாரம்தான். கொடுமை பாருங்க, தப்பான வியாதிக்குக் கேட்ட கேள்வி சரியான வியாதிக்குப் பொருந்திடுச்சு. அத்தை பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தோம், இப்போதைக்கு ஒண்ணும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கச் சொல்லியிருக்காங்க. கல்யாணம் போன தை மாசம் வேற இடத்துல நடந்துச்சு. மாப்பிள்ளைகிட்ட எல்லாத்தையும் அத்தைதான் முன்னாடியே சொன்னாங்க, பிளாஸ்டிக் கவர் உள்பட.

போன வாரம் ராத்திரி அத்தைகிட்ட இருந்து போன். எதிர் வீட்டுப் பொண்ணுக்கு ரெண்டு மாசமா காணாக்கடி, மந்திரிச்சுக்கினு கீறாங்களாம். "அந்த டெஸ்ட்டு பேரு இன்னாபா, எனுக்கு வாயில நொழியல, எழுதி அனுப்பு"ன்னாங்க. தமிழ்லயே எழுதி அனுப்பியிருக்கேன்.

பி.கு: கிரேவ்ஸ் இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, சிகரெட், பீடி இருந்தா விட்டுடுங்க. கண்ணு பாதிப்பு புகைக்கிறவங்களுக்கு அதிகமா வருது, முத்தியும் போகுது. மாமா அத்தை பக்கத்துல உக்காந்து பீடி பிடிக்கிறதை நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு. இப்ப வாசல்ல போய்ப் பிடிக்கிறாரு.